மாதத்துக்குப் பத்து நிமிடம்

2024 செப்ரெம்பர் 10, செவ்வாய்

வரிசையில் 214ஆவது. காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது 231. மூன்று மணித்தியாலத்தில் பதினேழு பேர் நகர்ந்திருக்கிறார்கள்.

இயந்திரம் அமெரிக்காவில் எங்கேயோ ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறது. விண்வெளியைவிடக் குளிராக வைத்திருக்கிறார்களாம். இங்கே மடிக்கணினி சூடேறித் தொடையைச் சுடுகிறது. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கிணற்றுக்கட்டுக்கும் முருங்கைக்கும் நடுவில், ஒரு கதிரை போடுமளவு இடத்தில் மட்டும் இரண்டு கோடு வரும். என் ஆய்வுகூடம் அதுதான்.

அம்மா வாளியோடு வந்தா. "ஆரையடி காலமை தொடக்கம் காவலிருக்கிறாய்?"

வரிசையில் நிற்கிறேன் என்றேன். மண்ணெண்ணெய் வரிசை மாதிரியோ என்று கேட்டா. ஓம், அதேதான். காசு கட்டுகிற பல்கலைக்கழகங்கள் நேரே உள்ளே போகும். என்னைப் போன்ற இலவசக் கூட்டத்துக்கு மாதத்துக்குப் பத்து நிமிடம், அதுவும் வரிசையில் நின்று. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி பத்து நிமிடம் புதிதாக வரும். மிச்சம் பிடிக்க முடியாது.

வயது இருபத்தாறு. பௌதிகவியலில் முதல் வகுப்பு. கம்பஸில் தற்காலிக வேலை ஜூனில் முடிந்தது. இப்போது முல்லைத்தீவில், கடற்கரையிலிருந்து நானூறு மீற்றர் தள்ளி, கிணற்றடியில் குவாண்டம் கணினி ஆராய்ச்சி. பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கினம் நான் வெளிநாட்டு மாப்பிள்ளையோட கதைக்கிறன் எண்டு.

2024 ஒக்ரோபர் 1, செவ்வாய்

பத்து நிமிடம் வந்தது. நாலு நிமிடத்தில் முடித்தேன்.

நாற்பத்தொன்று பன்னிரண்டாக இறங்கியிருக்கிறது.

அமைதியாக எழுதிவைக்கிறேன், பிறகு வாசிக்கும்போது கனவு என்று நினைக்கக் கூடாது. ஐந்து கியூபிட், இந்த இயந்திரத்தின் பிட்டுகள். ஐந்தையும் பிணைத்துவிட்டால் விடை எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என்றுதான் வரவேண்டும். 00000 அல்லது 11111. வேறு எது வந்தாலும் பிழை. நூறு தரம் கேட்டால் இயந்திரம் நாற்பத்தொரு தரம் பிழையாகச் சொல்கிறது. கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு வாசிக்கிற இடத்தில் சொதப்புகிறது. ஒவ்வொரு கியூபிட்டுக்கும் ஒரு குணம். ஒன்று நல்ல பிள்ளை. இன்னொன்று நூற்றுக்குப் பதினைந்து தரம் 1ஐ 0 என்று சொல்லும். அந்தக் குணங்களை முதலில் அளந்துவைத்துக்கொண்டு, பிறகு விடையிலிருந்து கழிக்கிற வழி ஒன்றை இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். கழித்தேன். பன்னிரண்டு.

2024 ஒக்ரோபர் 2, புதன்

இன்னொரு தரம் ஓட்டினேன். 12.3. உண்மைதான்.

2024 ஒக்ரோபர் 9, புதன்

சுமித்திரா மிஸ்ஸுக்கு அனுப்பினேன். என் ஆய்வை மேற்பார்வை செய்கிறவர். இரண்டு வருடத்தில் என் புரோகிராமில் ஒரு வரி வாசித்ததில்லை. வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன், அவருடைய துறை வேறு. அந்தக் கம்பஸில் இதைத் தெரிந்தவர்கள் எவரும் இல்லை. இன்று அவரே போன் எடுத்தார். இதை விடக்கூடாது, உடனே மாநாட்டுக்குக் கட்டுரையாக அனுப்புவோம், முன்னுரையைத் தான் எழுதுவதாகச் சொன்னார். அவருடைய பதவி உயர்வுக்கும் ஒரு கட்டுரை தேவையாம். அதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அளவுக்கு நல்லவர்.

2024 நவம்பர் 5, செவ்வாய்

இரவில் லைற் போட்டுப் பிடிக்கிற படகு ஒன்று அப்பாவின் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கடற்றொழில் கந்தோரில் முறைப்பாடு எழுதி ஒரு துண்டு கொடுத்தார்கள். இலக்கத்தோடு. அப்பா அதைக் கொண்டுவந்து அலுமாரியில் மற்றத் துண்டுகளோடு வைத்தார். எண்ணிப் பார்த்தேன். ஏழு. ஏழு இலக்கம், ஒரு வலையும் திரும்பி வரவில்லை.

2024 டிசெம்பர் 18, புதன்

பின்லாந்தில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று நேர்முகம்.

கிணற்றடியில் வெள்ளம். றஜித் என்னை முள்ளியவளையில் இருக்கிற தங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். மாமியின் மகன், அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். மடிக்கணினியை யூரியாப் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மாமி வீட்டில் ஆட்டுக்குட்டியைப் பின்வளவில் கட்டி, ரீவியை நிப்பாட்டி, எல்லாரும் குசினிக்குள் மூச்சு விடாமல் இருந்தார்கள்.

பேராசிரியர் நல்லபடி கதைத்தார். நாற்பது நிமிடம். 41, 12 என்ற இரண்டு எண்களையும் மூன்று தரம் கேட்டார். இந்த வழியை ஐம்பது கியூபிட்டுக்குப் பெருப்பிக்க முடியுமா என்றார். முடியும் என்றேன். கடைசியில், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரி, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லாத ஒரு விடையில் இதைச் சோதித்தீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை, பத்து நிமிடம்தான் கிடைக்கும், வசதி வந்ததும் செய்கிறேன் என்றேன். சிரித்தார். இங்கே வந்தால் வரிசை இல்லை என்றார்.

வரிசை இல்லை.

2025 ஜனவரி 16, வியாழன்

கிடைச்சிட்டுது.

நாலு வருசம். கலாநிதிப் பட்டம். செப்ரெம்பர் முதலாம் திகதி தொடக்கம். என்ர வழியை ஐம்பது கியூபிட்டுக்குக் கொண்டுபோறதுதான் வேலை. என்ர வழி!

அப்பா கடற்கரையில், வலை வைக்கிற வாடியில் நின்றார். போய்ச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "எவ்வளவு குளிர் அங்க?" என்று கேட்டார்.

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

நன்றித் திருப்பலி. வேண்டாம் என்று இரண்டு கிழமை சண்டை பிடித்தேன். தோற்றேன். சுவாமி பிரசங்கத்தில் என்னைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். என்ன படிக்கிறேன் என்பதை மட்டும் கவனமாகச் சொல்லாமல் விட்டார்.

வெளியே வந்தால் சந்தியில் பனர். பத்தடிக்கு ஆறடி. "எமது மண்ணின் முதல் குவாண்டம் விஞ்ஞானி செல்வி யோசெப் ஜெயரூபினியை வாழ்த்துகிறோம்." என் முகம், என்னைவிட வெள்ளையாக. பக்கத்தில் ஒரு ரொக்கெற்.

கட்டினது விளையாட்டுக் கழகம். செயலாளர் வேறு யார், றஜித்தான். ஏன் ரொக்கெற் என்று கேட்டேன்.

"மச்சாள், குவாண்டம் எண்டு தேடினா நீலத்தில கிழிஞ்ச வலை மாதிரி ஒண்டு வருது. சனம் என்னெண்டு கேக்கும். ரொக்கெற் எண்டா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்."

வயிறு நோகச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. பஸ்லியா என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. முதல் வகுப்பு. வவுனியாவில் ஒரு கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் படிவம் நிரப்புகிறாள். அவளுக்கு எவரும் பனர் கட்டவில்லை. இங்கேயிருந்து போகிறவளுக்குத்தான் எங்கள் ஊர் கைதட்டும். இருக்கிறவளிடம் "இன்னும் இங்கயோ?" என்று கேட்கும்.

2025 மார்ச் 1, சனி

பத்து நிமிடம் வந்தது. பேராசிரியர் கேட்ட சோதனை, இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டு வந்தது. ஐந்தில் ஒன்று மட்டும் 1, மற்ற நாலும் 0. இலகுவான விடை. இயந்திரம் சும்மாவே நூற்றுக்குத் தொண்ணூறு தரம் சரியாகச் சொல்லும். என் வழியைப் போட்டால் இன்னும் கூடவேண்டும்.

குறைந்தது. பத்தாக இருந்த பிழை முப்பத்தொன்றாக ஏறியது.

மின்சாரம் போய் வந்ததால் ஏதும் குழம்பியிருக்கும் என்று திரும்ப ஓட்டினேன். முப்பத்தொன்று.

மத்தியானம் சாப்பிடவில்லை. புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பின்னேரம் நாலு மணிக்குக் கண்டுபிடித்தேன். வரி 88.

இயந்திரம் விடையை ஐந்து எழுத்தாகத் தரும். முதலாவது கியூபிட்டின் விடை வலது கரையில் இருக்கும். கடைசிக் கியூபிட் இடது கரையில். நான் இடது பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன்.

அவ்வளவுதான். ஐந்து எழுத்தை மற்றப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் முதல் கிழமையில் ஒரு தரம் விழுகிற குழி. விழுந்து, சிரித்து, எழும்பிப் போவார்கள். எனக்கு ஏன் தெரியவில்லை? 00000. 11111. எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். நான் சோதித்த ஒரேயொரு விடை என் பிழையைக் காட்டவே காட்டாத விடை.

கூடாத கியூபிட்டின் வருத்தத்தை நல்ல கியூபிட்டின் தலையில் போட்டிருக்கிறேன். அதனால் அளவுக்கு மிஞ்சிக் கழித்திருக்கிறேன். வந்த எண் வடிவாக இருந்தது. வடிவாக இருந்தபடியால் நம்பினேன்.

வரி 88ஐத் திருத்தி, ஒக்ரோபர் அளவீடுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நாற்பத்தொன்று, முப்பத்தெட்டாக இறங்குகிறது.

முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.

2025 மார்ச் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போகேல்லை. தலையிடி எண்டு சொன்னன்.

திரும்பப் பார்த்தன். 38. திரும்பவும் 38. வேற என்ன வரும்?

ரெண்டு வருசம். எனக்குப் பக்கத்தில ஒருத்தர், ஒரேயொருத்தர், இதே வேலை செய்யிற ஆள் இருந்திருந்தா, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில "எந்தப் பக்கத்தால எண்ணினனீர்?" எண்டு கேட்டிருப்பார். முடிஞ்சுது. அந்த ஒராளில்லாமல்தான் ரெண்டு வருசம். முருங்கை மரத்திட்டயா கேக்கிறது?

என்ர பிழைதான். அதையும் எழுதிவைக்கிறன். ஆனா பிழையைப் பிடிக்க ஆளில்லாத இடத்தில இருந்து செய்தது ஆற்ற பிழை?

சந்தியில இன்னும் ரொக்கெற்.

2025 மார்ச் 7, வெள்ளி

மிஸ்ஸிடம் சொன்னேன். கட்டுரையை மாநாடு ஏற்றுக்கொண்டுவிட்டது, நேற்றுத்தான் கடிதம் வந்தது என்றார்.

மீளப் பெறுவோம் என்றேன்.

"ரூபினி, பிழையில்லாத பேப்பர் எங்க கிடக்கு? நீர் முதல் போம். போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில 'திருத்தம்' எண்டு நீரே ஒண்டு எழுதிப் போடும். அதுவும் ஒரு பேப்பர்தானே. இங்கயிருந்து சொன்னால் பிழை. அங்கயிருந்து சொன்னால் ஆராய்ச்சி."

இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். கெட்ட யோசனை இல்லை. அதுதான் பிரச்சினை. போய், அங்கே நல்ல இயந்திரத்தில், வரிசை இல்லாமல், உண்மையான வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் இந்தப் பன்னிரண்டை யார் தேடப் போகிறார்கள்?

2025 மார்ச் 12, புதன்

வவுனியா. பஸ்லியாவைக் கந்தோர் வாசலில் பிடித்தேன். மத்தியான இடைவேளை. எதிரில் உள்ள கடையில் ரோல்ஸ் வாங்கினோம். றமழான் நோன்பு நாள் என்பது அவள் கையில் எடுக்காமல் வைத்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பரவாயில்லை நீ சாப்பிடு, எனக்கு வாசம் காணும் என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு விளக்கத் தேவையில்லை. "வலது கரையிலயிருந்து" என்று தொடங்கியதுமே கண்ணை மூடிவிட்டாள்.

"சொன்னாப் போக மாட்டாய். சொல்லாட்டிப் போவாய். இதுக்கு ஏன்டி வவுனியாவுக்கு பஸ் ஏறினனீ?"

பிறகு தன் கதையைச் சொன்னாள். போன வருடம் ஒரு பிரிவில் வீடில்லாத குடும்பங்களை அவள்தான் நடந்து திரிந்து எண்ணினாள். 412. மேலே இருந்து ஒருவர், போன அறிக்கையில் 260 என்று இருக்கிறது, கூடினால் கேள்வி வரும், 260க்குள் கொண்டுவா என்றார்.

"நானும் கொண்டுவந்தனான்தான்டி. சாகேல்லையே." ரோல்ஸைச் சுற்றியிருந்த கடதாசியைச் சின்னதாக மடித்துக்கொண்டே இருந்தாள். "நூற்றைம்பத்திரண்டு குடும்பம். பேர் எல்லாம் இப்பவும் பாடம்."

இரண்டு மணிக்கு உள்ளே போய்விட்டாள். கையெழுத்துப் போடவேண்டுமாம்.

2025 மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். அப்பாவின் பெயர்த் திருநாள். கடலுக்குப் போகவில்லை. வாடியில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். சொன்னேன்.

நீளமாக விளக்கவில்லை. எண் பிழை, அந்த எண்ணைப் பார்த்துத்தான் வேலை தந்தார்கள் என்றேன்.

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு. மிஸ்ஸுக்கு. பஸ்லியாவுக்கு."

"அங்க உள்ளவங்களுக்கு?"

"தெரியாது."

இரண்டு கண்ணி போட்டார். நூலைப் பல்லால் கடித்தார்.

"தானாத் தெரிய வருமோ?"

"வந்தாலும் வரும். வராமலும் விடும்."

"அப்ப போவன்" என்றார்.

அலுமாரியில் ஏழு துண்டு வைத்திருக்கிற மனுசன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு நடந்து வந்து கிணற்றடியில் நின்று அழுதேன். அவர் சொன்னதில் என்ன பிழை? அறுபது வயது. ஒரு பிள்ளை. கடலில் ஒன்றுமில்லை. அந்த மனுசன் வேறு என்ன சொல்வார்?

2025 மார்ச் 23, ஞாயிறு

அனுப்பிவிட்டேன். காலை 11.20. பின்லாந்துப் பேராசிரியருக்கு ஒரு கடிதம், திருத்திய புரோகிராம், இரண்டு எண்கள். மாநாட்டுக்கு இன்னொரு கடிதம், மீளப் பெறும்படி. இரண்டின் பிரதியும் மிஸ்ஸுக்கு.

நேர்மை கீர்மை ஒண்டும் இல்லை. என்னைப் பற்றி அப்பிடி ஒருத்தரும் சொல்லவேண்டாம்.

கடைசிச் சண்டை நேரம் எனக்குப் பத்து வயசு. கடற்கரையோட தறப்பாளுக்குள்ள இருக்கிறம். இவ்வளவு சனம்தான் உள்ளுக்க இருக்கு எண்டு அரசாங்கத்தில ஒரு கணக்குச் சொன்னாங்கள். அந்தக் கணக்குக்குத்தான் கப்பல்ல சாப்பாடு. நாங்கள் அதைவிட எத்தினை மடங்கு. அப்பா விடியத் தொடக்கம் வரிசையில நிண்டிட்டு ஒரு பேணி அரிசியோட வந்தார். தம்பி அனிஸ்ரனுக்கு ரெண்டரை வயசு. அவனைப் பற்றி இதில எழுத மாட்டன்.

பிழையான எண் சொன்னவங்களைப் பதினாறு வருசமாத் திட்டிக்கொண்டு இருக்கிறன். பஸ்ஸில, கம்பஸில, கோயில் வாசல்ல, எல்லா இடமும். நானே ஒரு எண்ணைப் பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு கொண்டுபோகேலாது. திட்டுறதை விடவேண்டி வரும். அதை விட்டிட்டு நான் என்னத்தோட இருக்கிறது?

2025 மார்ச் 24, திங்கள்

அனுப்பியிருக்கக் கூடாது.

2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பதில் இல்லை. இருபத்தாறு நாள்.

2025 ஏப்ரல் 24, வியாழன்

பதில் வந்தது. ஆறு வரி. நேர்மைக்கு மனமார்ந்த பாராட்டு. இப்படிப்பட்டவர்கள்தான் விஞ்ஞானத்துக்குத் தேவை. ஆனால் அந்த இடத்துக்கான நிதி அந்த முடிவோடு கட்டப்பட்டது, முடிவு இல்லாதபடியால் இடமும் இல்லை. வருங்காலத்தில் வேறு இடங்கள் வந்தால் விண்ணப்பிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் தேவை. சரி. எங்கே தேவை?

மிஸ்ஸிடமிருந்து ஒன்றுமில்லை. போனை எடுக்கிறார் இல்லை.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மாவுக்குச் சொன்னேன். நேசமலர் என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி என்னைக் கட்டிப்பிடிப்பா என்று நினைத்தேனோ? கட்டிலில் இருந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "சந்தியில படம் தொங்குதே" என்றா. அதை மட்டும் மூன்று தரம் சொன்னா.

பின்னேரம் மாமி வந்தபோது அம்மா சொல்லிவிட்டா, விசா குடுக்கேல்லையாம் என்று.

மாமி நம்பினா. ஊர் முழுக்க நம்பிவிட்டது. அவ்வளவு இலகுவாக நம்புகிற பொய் அது. வன்னிப் பிள்ளை, முல்லைத்தீவு விலாசம், விசா இல்லை. கேள்வியே இல்லை. றஜித் வந்து அரை மணித்தியாலம் எம்பசிக்காரரைத் தூசணத்தால் பேசினான். "எங்கட விலாசத்தைப் பார்த்தாலே அவங்களுக்குப் பேய் பிடிக்கும் மச்சாள்" என்றான். என் முன்னால் அழாமல் இருக்க மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரி பண்ணினான்.

அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பின்லாந்துக்கு உண்மை எழுதினவள் றஜித்துக்குச் சொல்லவில்லை. விளக்க முடியாது என்பதில்லை. நானே வேண்டாம் என்று கெடுத்துக்கொண்டேன் என்று தெரிந்தால் அவன் முகம் எப்படி மாறும் என்று தெரியும். பார்க்கத் துணிவில்லை.

2025 மே 18, ஞாயிறு

நினைவுநாள் கஞ்சி குடித்தோம். செத்தது எத்தனை பேர் என்று பக்கத்தில் நின்றவர் ஒரு எண் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் வேறொரு எண் சொன்னார். அப்பா தன் கஞ்சியைக் குடித்து முடித்தார். சிரட்டையைக் கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

2025 ஜூன் 9, திங்கள்

கிளிநொச்சியில் வேலை. இன்றோடு ஒரு கிழமை.

கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசைக்குப் பன்னிரண்டு கணினி. வெளிநாட்டுத் தெருக்களின் படம் வரும். மனிதன் தெரிந்தால் சுற்றிவரப் பெட்டி கீறவேண்டும். கால் மட்டும் தெரிந்தாலும் பெட்டி. குழந்தை என்றால் வேறு நிறப் பெட்டி. தானாக ஓடுகிற கார் பழகுவதற்காம், ஆளில் மோதாமல் இருக்க. நான் இருக்கிற வரிசையில் பன்னிரண்டு பேரில் ஒன்பது பட்டதாரிகள். ஒருத்தி விலங்கியல், ஒருத்தன் சிவில் எஞ்சினியரிங். ஒரு நாளைக்கு எண்ணூறு பெட்டி. நான் ஆயிரத்து நூறு கீறுகிறேன். மேற்பார்வை செய்கிற பையன் என்னை எல்லாருக்கும் முன்னால் பாராட்டினான். என்னைவிட நாலு வயது குறைவு.

கிழமையில் ஒரு நாள் ஓய்வு. எல்லாரும் ஞாயிறுக்குச் சண்டை பிடித்தார்கள். நான் திங்களை எடுத்தேன். பொறுப்பானவர் சந்தோசப்பட்டார். ஞாயிறு வீட்டில் நின்றால் கோயிலுக்குப் போகவேண்டும். போனால் சந்தியைக் கடக்கவேண்டும்.

2025 ஜூலை 22, செவ்வாய்

வேலைக்கிடையில் போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. மாநாட்டுத் தொகுப்பு வெளிவந்திருக்கிறது. கட்டுரை இருக்கிறது. என் பெயர் இல்லை. சுமித்திரா மிஸ்ஸின் பெயர் மட்டும். 41 பன்னிரண்டாக இறங்குகிறது. வரைபடத்தில் நான் தெரிந்தெடுத்த பச்சை நிறம்கூட அப்படியே.

மீளப் பெறச் சொன்னேன். அவர் என்னைத்தான் மீளப் பெற்றிருக்கிறார். சிரேஷ்ட விரிவுரையாளர் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கிறது.

அதைவிட மோசம், யாரோ இரண்டு பேர், பிரேசிலில் இருந்து, அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். இந்த வழியை நாங்களும் பின்பற்றினோம் என்று. பாவங்கள். எந்தக் கிணற்றடியில் இருந்து எழுதினார்களோ.

மாநாட்டுக்கு முறைப்பாடு எழுதினேன். ஒரு நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது. உங்கள் முறைப்பாடு கிடைத்தது, இலக்கம் இது, பத்திரமாக வைத்திருக்கவும்.

அப்பாவிடம் ஏழு. என்னிடம் ஒன்று.

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஆயிரத்து நானூற்று ஆறு பெட்டி. ஒரு படத்தில் பனி. குழந்தையைத் தள்ளுகிற பிரம் வண்டியோடு ஒரு மனுசி, தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு. வடிவாகப் பெட்டி கீறினேன்.

2025 செப்ரெம்பர் 1, திங்கள்

ஓய்வு நாள். நேற்றுப் பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

சோளகக் காற்று பனரின் ஒரு மூலையைக் கிழித்துவிட்டதாம். போன கிழமை றஜித் ஏறிக் கழற்றி, நாலாக மடித்து, வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். எறிய மனம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னானாம்.

விடிய அப்பாவுக்கு நெத்தலி பட்டிருந்தது. நெடுநாளைக்குப் பிறகு நல்ல பாடு. விற்றது போக நாலு கூடை மிச்சம். அம்மா பனரைக் கவிழ்த்து விரித்து, வெள்ளைப் பக்கத்தில் காயப்போடத் தொடங்கினா. நான் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் சொரசொரப்பு. மீன் ஒட்டும். புரட்டும்போது தலை கழன்று போகும். படம் உள்ள பக்கம்தான் வழுவழுப்பு.

"திருப்பிப் போடுங்கோ அம்மா."

"வேண்டாம் பிள்ளை."

நானே திருப்பினேன். அம்மா பரப்பினா. எழுத்தில், ரொக்கெற்றில், கழகத்தின் சின்னத்தில். முகத்தை மட்டும் விட்டுச் சுற்றிவரப் பரப்பினா. கடைசிக் கூடைக்கு இடம் காணவில்லை. நான் கூடையை வாங்கி முகத்திலும் பரப்பினேன், ஒன்றில் ஒன்று முட்டாமல். அப்பா காகம் கலைக்கிற தடியோடு வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டக் கிட்டப் போடாத" என்றார்.

முதலாம் திகதி. பத்து நிமிடம் வந்திருக்கிறது. கதிரையைக் கிணற்றடிக்கு இழுத்துப் போட்டு, திருத்திய வரி 88ஓடு அனுப்பினேன், இந்த முறை முப்பத்திரண்டு விதமான விடைகளுக்கும். யாருக்கு என்று கேட்டால் தெரியாது. பிரேசில்காரருக்கு அனுப்பலாம். அனுப்பாமலும் விடலாம்.

வரிசையில் 340ஆவது. என் முறை வருவதற்கு முதல் நெத்தலி காய்ந்துவிடும்.